காலாவதியான பான்கேக் மாவு

கிரான்யா மெல்பர்னில் ஒரு வருஷம் குப்பை கொட்டியும் மெல்பர்னைப் பார்த்ததில்லை. சிரிக்காதீர்கள். முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் திரிகிற அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருடைய கதை இதுதான். உலகத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு அயர்லாந்திலிருந்து கிளம்பியவள், விசாவை நீட்டிப்பதற்காக முதலில் வடக்கே ஒரு வாழைத்தோட்டத்தில் தார் சுமந்தாள். பிறகு மெல்பர்னுக்கு வந்து ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் தட்டு கழுவினாள். வேலை முடிந்தால் விடுதி, விடுதியில் மேல் கட்டில், விடிந்தால் மறுபடி தட்டு. ஊரிலிருந்து யாராவது கேட்டால் மட்டும், "அருமையான ஊரு" என்பாள். அவள் பார்த்த ஊர் பாத்திரத் தொட்டிக்கு மேலே இருந்த சின்ன ஜன்னல் அளவுதான்.

அதனால் கடைசி நாளைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாள். அன்றைக்கு வியாழக்கிழமை. ராத்திரி விமானம். சனிக்கிழமை காலையில் சொந்த ஊரான லீட்ரிமில் அவளுடைய அண்ணன் கார்மக்குக்குக் கல்யாணம். வேலையை விட்டாயிற்று, மூட்டையைக் கட்டியாயிற்று. காலையில் எழுந்ததும் விக்டோரியா சந்தைக்குப் போய், ஜாம் வைத்த சூடான டோனட்டை வாங்கி, நாக்கைச் சுட்டுக்கொண்டு தின்றாள். அங்கிருந்து தாவரவியல் பூங்காவுக்குப் போய் ஏரிக்கரைப் புல்லில் மல்லாந்து படுத்தாள். ஒரு வாத்து வந்து அவளுடைய செருப்பைக் கொத்திப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போனது. ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. ஒரு தட்டும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. இத்தனை நாளாக இதை விட்டுவிட்டோமே என்று அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

ஒரே ஒரு உறுத்தல்தான். முந்தின நாள் போனில் அம்மாவிடம், "நாளைக்கு ராத்திரி விமானம் ஏறிடுவேம்மா" என்றபோது அம்மா, "சரிம்மா, பார்க்கலாம்" என்றாள். அந்தப் "பார்க்கலாம்" நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. தாத்தாவின் சாவுக்கு வருகிறேன் என்றாள். வாழைத்தோட்டத்துச் சாலை வெள்ளத்தில் போய்விட்டது, வர முடியவில்லை. அதையாவது மன்னிக்கலாம். போன கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அதை நம்பி கார்மக்கும் மதுக்கடையில் உட்கார்ந்து, "என் தங்கச்சி வர்றா" என்று எல்லாரிடமும் பெருமை அடித்துவிட்டான். பண்டிகை நாளில் இரட்டைச் சம்பளம் என்று முதலாளி சொன்னதும் இவள் நின்றுவிட்டாள். அதிலிருந்து அண்ணனும் தங்கையும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. கல்யாணத்துக்கு வருவதைக்கூட அம்மாவிடம்தான் சொல்லி அனுப்பினாள். அவனிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. கல்யாண மும்முரத்தில் இருப்பான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் விடுதிக்குத் திரும்பினாள். சமையலறைக்குள் நுழைந்ததுமே பினாயில் வாசனை மூக்கைத் துளைத்தது. மேல் அலமாரியை எட்டிப் பார்த்தாள். பளபளவென்று துடைத்து வைத்த பலகை அவளைப் பார்த்துப் பல்லிளித்தது.

கிரான்யா நாற்காலியைப் போட்டு ஏறி, பலகையை மூலைவரை தடவிப் பார்த்தாள்.

அந்த விடுதிச் சமையலறைக்கு என்று ஒரு சட்டம் உண்டு. வைக்கிற சாமான் எதுவானாலும் பெயரும், விடுதியைக் காலி செய்கிற தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டாததை வியாழக்கிழமை காலையில் "இலவசம்" என்று எழுதிய அலமாரிக்கு மாற்றிவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கெட்டுப் போனதும் காலாவதியானதும் குப்பைக்குப் போகும். சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது, யாரும் படித்ததில்லை. துப்புரவு செய்கிறவர்களும் படித்ததில்லை. ஏனென்றால் அவர்களும் இதே கூட்டம்தான்: காசு தீர்ந்துபோய், இலவசப் படுக்கைக்காகக் காலையில் தரையைத் துடைக்கிறவர்கள். அரைத்தூக்கத்தில் துடைப்பவன் மேல் அலமாரியை ஏறெடுத்துப் பார்ப்பானா?

ஆனால் இந்த வாரம்தான் அந்த வேலைக்கு வந்திருந்தாள் டோர்த்தே. கிரான்யாவின் கீழ்க்கட்டில்காரி, அவளுடைய உயிர்த் தோழி, ஜெர்மனியிலிருந்து வந்தவள். சாலையில் ஒரு வண்டிகூட இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு எரிகிறவரை நிற்கிற ரகம்.

அவள் நடைவழியில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டோர்த்தே! மேல் தட்டுல ஒரு பான்கேக் மாவுப் பெட்டி இருந்துச்சே, எங்கடி?"

"ஈரம், ஈரம்! அங்கேயே நில்லு. எந்தப் பெட்டி? மஞ்சப் பெட்டியா? பேரு இல்ல, தேதி இல்ல. இலவச அலமாரியில வெச்சுட்டேன்."

"அது என் பெட்டிடி!"

"உன் பெட்டியா? நீதான் பான்கேக்கைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்குவியே."

"அதுக்குள்ளதான்டி என் பாஸ்போர்ட் இருக்கு!"

டோர்த்தேயின் கையிலிருந்த துடைப்பம் ஈரத்தரையில் விழுந்தது. வாளி கவிழ்ந்தது. அதை நிமிர்த்தக்கூடத் தோன்றாமல் நின்றாள் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"பாஸ்போர்ட்டை யாராவது மாவுக்குள்ள வைப்பாங்களா? உனக்குப் பைத்தியமா?"

"என் லாக்கர் கதவு உடைஞ்சு எத்தனை நாளாச்சு, உனக்கே தெரியும். போன மாசம் அந்தக் கனடாக்காரனோட லேப்டாப் போச்சா இல்லையா? இங்க சீஸ் காணாமப் போகுது, சாக்ஸ் காணாமப் போகுது, பாதி கடிச்ச ஆப்பிள்கூடக் காணாமப் போகுது. யாரும் தொடாதது அந்தப் பழைய மாவு ஒண்ணுதான்!"

"அப்படின்னா அதுல உன் பேரை எழுதியிருக்கணும்."

"பேரு எழுதின பெட்டியைத்தான்டி திருடன் முதல்ல திறப்பான்!"

இந்த நியாயம் உங்களுக்கு உடனே பிடிபடாது. விடுதியில் ஒரு மாதம் குடியிருந்து பார்த்தால்தான் அந்த மூளை வேலை செய்கிற விதம் புரியும்.

இரண்டு பேரும் இலவச அலமாரிக்கு ஓடினார்கள். அரை பாட்டில் சோயா சாறு, ஒரு கொத்து ஸ்பகெட்டி, யாரோ விட்டுப்போன உப்பு. மஞ்சள் பெட்டி இல்லை.

விடுதி வரவேற்பு மேசையில் ஷெரில் இருந்தாள். அவள் மட்டும்தான் அந்தக் கட்டடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிற உள்ளூர்க்காரி. ஐம்பது வயதிருக்கும், எல்லாரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள்.

"பான்கேக் மாவா? எடுத்தானே, அந்த அர்ஜென்டினாக்காரன். நவேல். எப்பப் பார்த்தாலும் ஒரு சுரைக்குடுவையில குழல் வெச்சு ஏதோ கசப்பு டீயை உறிஞ்சிக்கிட்டே இருப்பானே, அவன்தான். முட்டையும் இலவசமான்னு வேற எங்கிட்டக் கேட்டான், கொழுப்பைப் பாரு."

"எங்க போனான் ஷெரில்?"

"நூலகத்துப் புல்வெளியில சதுரங்கம் ஆடப் போறேன்னான். ஏன் கண்ணு, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு? மாவுதானே, கடையில கிடைக்குமே."

வாயைத் திறக்கப் போன டோர்த்தேயின் காலை கிரான்யா மிதித்தாள். வெளியே வந்ததும் டோர்த்தே, "ஏன்டி சொல்ல விடல?" என்று நொண்டிக்கொண்டே கேட்டாள்.

"பாஸ்போர்ட் ஒண்ணு அனாதையாச் சுத்துதுன்னு ஊருக்கே தண்டோரா போடச் சொல்றியா? எவன் கையில சிக்கும்னு யாருக்குத் தெரியும்? பெட்டி வேணும்னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசாத."

டோர்த்தே விடுதிக் குழுவுக்குப் போனில் செய்தி அனுப்பினாள்: நவேல் எடுத்துப்போன மஞ்சள் பான்கேக் பெட்டி அவசரமாக வேண்டும். உடனே பதில்கள் வந்து குவிந்தன. "ரெண்டு எனக்கும் சுட்டு வை" என்றான் ஒருவன். "காதல் பான்கேக்கா, கோபப் பான்கேக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். நவேலுக்கு இன்டர்நெட் தீர்ந்து மூன்று நாளாயிற்று என்று மூன்றாவது ஆள் தகவல் சொன்னான். உதவியாக வந்த செய்தி அந்த ஒன்றுதான், அதுவும் உதவவில்லை.

நூலகத்துப் புல்வெளியில் வழக்கம்போலப் பாதி நகரம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பெரிய சதுரங்கக் காய்களை இரண்டு கையாலும் தூக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு சீனப் பெண்மணி, இவர்கள் சுரைக்குடுவை என்று ஆரம்பித்ததுமே சிரித்துவிட்டாள்.

"அந்தப் பையனா? ராணியைக் கொடுத்துட்டு, ஐயோ கை தவறிடுச்சுன்னு அழுதான். திருப்பித் தர மாட்டேன்னுட்டேன். பசிக்குது, ஆத்தங்கரைக்குப் போறேன்னு அந்த ஓசி டிராம்ல ஏறிப் போயிட்டான்."

"ஆத்தங்கரையில எங்க?"

"இலவச அடுப்பு எங்கே இருக்கோ அங்கே. உங்க ஆளுங்க வேற எங்க போவாங்க?"

நகரத்தைச் சுற்றி வருகிற அந்தப் பழைய டிராமுக்குக் காசு கிடையாது, அவசரமும் கிடையாது. நடந்து போகிறவர்களெல்லாம் அதை முந்திக்கொண்டு போனார்கள். நடந்தே போய்விடலாம் என்று கிரான்யா துடித்தாள். கால் வலிக்கிறது, நீதான் மிதித்தாய் என்றாள் டோர்த்தே. உள்ளே பதிவு செய்த குரல் ஒன்று ஊரின் பெருமைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தது. இடப்பக்கம் பாருங்கள், வலப்பக்கம் பாருங்கள். கிரான்யா இரண்டு பக்கமும் பார்த்தாள், சுரைக்குடுவையைத் தேடி. காலையில் இந்த டிராமில் ஏறி ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள்! இப்போது ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தாள்.

"பாராளுமன்றம்" என்று டோர்த்தே விரலை நீட்டினாள். பாவம், பேச்சை மாற்றத்தான்.

"உன் பாராளுமன்றத்தைத் தூக்கிக் குப்பையில போடு! உன்னால்தான்டி எல்லாம். சட்டமாம் சட்டம்! ஒரு பெட்டியை இருந்த இடத்துலயே இருக்க விட்டா உன் தலையையா சீவிடுவாங்க? உனக்கு முன்னாடி இருந்த அந்தச் சோம்பேறி தங்கம்டி. அவன் மூணு மாசம் எதையும் தொடல."

டோர்த்தே வழக்கமாக இப்படி ஒரு பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. இன்றைக்கு ஏதோ சொல்ல வாயெடுத்து, முகம் சிவந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிரான்யாவுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

பிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்துக்கு முன்னால் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. பாலத்தைத் தாண்டுவதற்குள் நின்று, வெயில் அடித்தது. அந்த ஊர் அப்படித்தான். நனைந்த தலையோடு கிரான்யா ஓடினாள். ஓட ஓட அம்மாவின் குரல்தான் காதில் கேட்டது. சரிம்மா, பார்க்கலாம். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தாத்தாவுக்கு வெள்ளம், கிறிஸ்துமஸுக்கு வேலை, கல்யாணத்துக்குப் பான்கேக் மாவு. அவளே லீட்ரிமில் உட்கார்ந்து இதைக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். கார்மக் இனி ஜன்மத்துக்கும் பேச மாட்டான். இந்த எண்ணம் வந்ததும் கால் தடுக்கிப் புல்லில் குப்புற விழுந்தாள்.

"எழுந்திருடி, அதோ!" என்றாள் டோர்த்தே.

யாரா ஆற்றங்கரையில், படகுக் கொட்டகைகளைத் தாண்டி, நகராட்சி வைத்திருக்கிற மின்னடுப்புகளில் ஒன்றைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் தகடு சூடாகும். ஊரில் யார் வேண்டுமானாலும் சமைத்துக்கொள்ளலாம். நடுவில் நெட்டையாக, சுருட்டை முடியோடு, கக்கத்தில் சுரைக்குடுவையோடு நவேல். கையில் கரண்டி. தகட்டில் பொன்னிறமாக ஆறு பான்கேக்குகள். கடல்காகங்கள் சுற்றி நின்று முறை வைத்து எட்டிப் பார்த்தன.

"பெட்டி!" என்று கிரான்யா கத்தினாள். "நவேல், அந்தப் பெட்டி எங்க?"

"ஆகா, விருந்தாளிங்க! வாங்க, வாங்க. முதல் ஈடு தீஞ்சு போச்சு, ரெண்டாவது தேவாமிர்தம்."

"பெட்டிடா! மஞ்சப் பெட்டி!"

"பெட்டியா?" நவேல் குழம்பினான். "அதை எதுக்குங்க? அந்தத் தொட்டியில போட்டுட்டேனே."

கரண்டியால் காட்டினான். கரையோரம் பச்சை நிறத்தில், இடுப்பளவு உயரத்தில் குப்பைத்தொட்டி நின்றது. வாய்வரை நிரம்பியிருந்தது.

டோர்த்தேதான் போனாள். தட்டை மூன்று தடவை கழுவிய பிறகும் மோந்து பார்க்கிறவள், கதவுப் பிடியைச் சட்டை நுனியால் திறக்கிறவள், இரண்டு கையையும் தோள்வரை தொட்டிக்குள் விட்டாள். பிறகு தலையையும் விட்டாள். காப்பிக் கோப்பைகள் பறந்தன. மீன் வறுவல் சுற்றிய காகிதம் பறந்தது. ஒரு கடல்காகம் அவள் முதுகில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தது. அடுப்பைச் சுற்றி நின்றவர்கள் மெல்வதை நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் தொட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "இருக்கு!"

நசுங்கிப் போன மஞ்சள் பெட்டியோடு டோர்த்தே வெளியே வந்தாள். கன்னத்தில் தக்காளிச் சாறு. கிரான்யா பெட்டியைப் பிடுங்கிப் பிரித்தாள். கவிழ்த்தாள். தட்டினாள். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் அட்டை.

அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே ஆற்றில் எட்டுப் பேர் துடுப்புப் போடுகிற நீளப் படகு ஒன்று சத்தமே இல்லாமல் போயிற்று. அதையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தாள்தான். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு விசும்பினாள்.

நவேல் கரண்டியோடு அவள் முன்னால் வந்து குந்தினான். "அட, அழாதீங்க. இந்தப் பெட்டியில அப்படி என்ன இருக்கு? கூப்பன் எதாவது வெட்டணுமா?"

"என் பாஸ்போர்ட்டுடா!" அவள் தலையை நிமிர்த்திக் கத்தினாள். மறைத்து என்ன ஆகப் போகிறது? "அந்த மாவுக்குள்ளதான் என் பாஸ்போர்ட் இருந்துச்சு! இன்னிக்கு ராத்திரி எனக்கு விமானம்! எங்க அண்ணனுக்குக் கல்யாணம்!"

நவேலின் வாய் பிளந்தது.

"பாஸ்போர்ட்டா? மாவுலயா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? பெட்டி பெட்டின்னீங்களே, நான் பெட்டியைக் காட்டினேன்!"

"பெட்டியிலதானே மாவு இருந்துச்சு!"

"பெட்டி நனைஞ்சு கிழிஞ்சு போச்சு, மழையில. மாவு பெட்டிக்குள்ள ஒரு பையில இல்ல இருந்துச்சு? பாதியைக் கொட்டிக் கரைச்சுட்டு, மீதியைப் பையோட முடிஞ்சு வெச்சிருக்கேன். நாளைக் காலையிலயும் வயிறுன்னு ஒண்ணு இருக்குமே."

அவன் எழுந்து ஓடி, தன் முதுகுப்பையைத் தலைகீழாகக் கொட்டினான். வெந்நீர்க் குடுவை, ஒற்றைச் சாக்ஸ், பல்துலக்கி, அதற்கு அடியில் வாயை முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பை. வெள்ளையாக, உப்பலாக இருந்தது. கிரான்யா முடிச்சை அவிழ்க்கவில்லை, பல்லால் கிழித்தாள். முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள். மாவு புகையாகக் கிளம்பி அவள் புருவம், மூக்கு, நனைந்த தலைமுடி எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது.

விரலில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது.

வெளியே எடுத்தாள். இழுத்து மூடுகிற சின்ன உறை. அதற்குள் கருஞ்சிவப்பு அட்டையும், அட்டையின் மேல் பொன்னிறத்தில் அயர்லாந்தின் சின்னமான யாழும். ஒரு ஓரம்கூட மடங்கவில்லை.

போன உயிர் திரும்பி வந்தது. அவள் முதலில் பாஸ்போர்ட்டை முத்தமிட்டாள், பிறகு டோர்த்தேயைக் கட்டிக்கொண்டாள், பிறகு நவேலை, பிறகு பெயரே தெரியாத யாரோ ஒருவனை. எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்து அடுப்பில் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்த உள்ளூர்க் குடும்பம் ஒன்று, எதற்கென்று தெரியாமலே சேர்ந்து கை தட்டியது. கிரான்யா சிரித்தாள், அழுதாள், மூக்கைத் துடைத்தாள். மாவும் கண்ணீரும் கலந்து முகத்தில் அவள் பங்குக்கு ஒரு பான்கேக் தயாரானது.

"அடுத்த ஈடுக்கும் கரைச்சிருந்தா வெந்திருக்கும்" என்றான் நவேல், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. "அயர்லாந்தே வெந்திருக்கும்."

"வாயைக் கழுவுடா!" என்றாள் கிரான்யா. "எனக்கு நாலு பான்கேக் குடு."

நாலையும் தின்றாள். ஒரு வருஷமாகப் பான்கேக்கைக் கண்டால் ஆகாது என்றவள், தேன் இல்லை, வெண்ணெய் இல்லை, வெறுமனே தின்றாள். நவேல் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று நெற்றியைச் சுருக்கினான்.

"ஏம்ப்பா, இது காலாவதியாகி ஏழு மாசம் ஆச்சே! இதையா நான் ஊருக்கே சுட்டுப் போட்டேன்?"

"அதனாலதான்டா இதைத் தேர்ந்தெடுத்தேன். யாரும் தொட மாட்டாங்கன்னு."

சொல்லிவிட்டு கிரான்யா மெல்வதை நிறுத்தினாள். சுவரில் ஒட்டியிருந்த அந்தச் சட்டம் அவளுக்கு அப்போதுதான் முழுசாக நினைவுக்கு வந்தது. மெதுவாக டோர்த்தே பக்கம் திரும்பினாள். டோர்த்தே ஈரக் காகிதத்தால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே நாலு தடவை துடைத்த கை.

"டோர்த்தே. காலாவதியானது குப்பைக்குத்தானே போகணும்?"

"ஆமா."

"குப்பை லாரி எப்ப வரும்?"

"காலையிலயே வந்துட்டுப் போயிடுச்சு."

"அப்புறம் ஏன்டி நீ இதை இலவச அலமாரியில வெச்சே?"

டோர்த்தேயின் முகம் டிராமில் சிவந்த மாதிரியே சிவந்தது. "பிரிச்சு மோந்து பார்த்தேன். பூச்சி இல்ல, வாடை இல்ல. நல்ல மாவு. நல்ல மாவை எப்படித் தூக்கிப் போடறது? யாராவது பசியில இருக்கறவன் தின்னட்டுமேன்னு..." குரல் இறங்கிவிட்டது. "சட்டப்படி தப்புதான். காலையிலிருந்து எனக்கு நெஞ்சே சரியில்ல. ஷெரில்கிட்ட ஒத்துக்கலாமான்னுகூட யோசிச்சேன்."

கிரான்யா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சட்டத்தை அவள் மீறியிருக்கிறாள். அதுவும் இன்றைக்கு. மீறாமல் இருந்திருந்தால் இந்நேரம் யாழ் போட்ட அந்த அட்டை ஊருக்கு வெளியே எந்தக் குப்பை மேட்டிலோ புதைந்திருக்கும். அது தெரியாமல் டிராம் முழுக்க அவளைத் திட்டித் தீர்த்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"டோர்த்தே, நீ தெய்வம்டி."

"அப்படின்னா அந்தச் சோம்பேறி?"

"அவனா? அவன் கிடக்கான் கழுதை."

டோர்த்தே அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். கன்னத்துத் தக்காளிச் சாற்றை கிரான்யாவே துடைத்துவிட்டாள். பிறகு இரண்டு பேரும் புல்லில் படுத்துக்கொண்டார்கள். நேரம் இருந்தது. ஆறு பழுப்பாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் ரயில் நிலையத்து மணிக்கூண்டு வெயிலில் மஞ்சளாக மின்னியது. அதற்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள், அவற்றுக்கு மேலே மறுபடி மழைக்குத் தயாராகிற ஒரு மேகம். நவேல் சுரைக்குடுவையைச் சுற்றி அனுப்பினான். கசப்பு தாங்காமல் கிரான்யா முகத்தைச் சுளித்தாள், ஆனாலும் இன்னொரு வாய் உறிஞ்சினாள். ஒரு வருஷத்து ஊரை அவள் அந்த அரைமணி நேரத்தில்தான் பார்த்தாள். நல்ல ஊர்தான்.

விடுதிக்குப் போய் மூட்டையை எடுத்துக்கொண்டு விமான நிலையப் பேருந்துக்காக நின்றபோது அம்மாவுக்குப் போன் போட்டாள். அங்கே அப்போதுதான் காலை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா, பஸ்ஸுக்கு நிக்கறேன். பாஸ்போர்ட் கையில இருக்கு."

அம்மா கெட்டிலை அணைத்தாள்.

"நெஜமாவாம்மா?"

"நெஜமாத்தான். நாளைக்கு ராத்திரி வீட்டுல இருப்பேன். ஏம்மா அழற?"

"நான் ஒண்ணும் அழல." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "ஒரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காத. நீ வர்றேன்னு சொன்னதை நான் இன்னும் கார்மக்கிட்ட சொல்லல. கிறிஸ்துமஸுக்கு அவன் பட்டது எனக்குத்தான் தெரியும். கல்யாணத்தன்னிக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டே நிக்கக் கூடாதுன்னு..."

கிரான்யா கண்ணை மூடிக்கொண்டாள். ஆக, அவன் பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. அவனுக்குத் தெரியவே தெரியாது. வலித்தது, ஆனால் அந்த வலிக்குள்ளேயே பெரிய பாரம் ஒன்று இறங்கியது.

"இங்கதான் இருக்கான், டீ குடிச்சுக்கிட்டு" என்றாள் அம்மா. "இப்பச் சொல்லலாமா?"

கிரான்யா சட்டைக்குள் கையை விட்டுப் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் மாவு ஒட்டியது.

"சொல்லும்மா."

அம்மா போனைக் கீழே வைத்தாள். தூரத்தில் ஏதோ பேச்சு. நாற்காலி ஒன்று தரையில் கிரீச்சிட்டது. தெருமுனையில் பேருந்து திரும்பியது. டோர்த்தே மூட்டையைத் தூக்கிக்கொண்டு, "வரிசையில நில்லு, வரிசையில நில்லு" என்று அவளை முன்னே தள்ளினாள்.

போனில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"கிரான்யா." கார்மக்தான். "சாப்பாட்டு மேசையில என் பக்கத்துல ஒரு நாற்காலி காலியா விட்டிருக்கேன். அது யாருக்குன்னு அம்மா பத்து நாளா என்னைக் குடைஞ்சு எடுத்தாங்க. நானும் சொல்லல."

பேருந்துக் கதவு திறந்தது. அவள் ஏறினாள்.